தொகுப்பு உயிரியல்: மல்லாட்டை வயலிலிருந்து எழுதப்பட்ட மரபணு வரை

உயிரணுக்களின் மரபணுக்களை முன்கூட்டியே வகுத்த திட்டத்தின்படி வடிவமைத்து, வேதிமுறையில் எழுதி, அவற்றைக் கொண்டு உயிரினங்களைப் புதிய வேலை செய்ய வைக்கும் துறை தொகுப்பு உயிரியல் எனப்படுகிறது. செயற்கை உயிரியல் என்றும் இதனைக் கூறுவர். வேதியியலில் சிறு மூலக்கூறுகளை இணைத்துப் புதிய சேர்மம் ஒன்றை உருவாக்குவது தொகுப்பு எனப்படும். அதே பொருளில்தான் இங்கும் அச்சொல் வழங்குகிறது.

இத்துறையைப் பற்றிப் படிக்கும் மாணவர்களுக்கு முதலில் எழும் ஐயம், இது மரபணுப் பொறியியலிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதாகும். பயிர்ப் பெருக்கம், சடுதிமாற்றம், மரபணுப் பொறியியல், மரபணுத் திருத்தம், தொகுப்பு உயிரியல் ஆகிய அனைத்தும் ஒரே டி.என்.ஏ.வைத்தான் கையாளுகின்றன. ஆகவே எதனைத் தொடுகிறோம் என்பதைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. வேலை எங்கிருந்து தொடங்குகிறது என்பதே உண்மையான வேறுபாடு. இவ்வேறுபாட்டை வரலாற்று வரிசையில் காண்பது எளிது.

வயலில் தொடங்கும் வரலாறு

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள பகுதியில் வல்லம் ஓர் ஊராட்சி ஒன்றியம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியான இவ்வட்டாரத்தில் நெல்லோடு நிலக்கடலையும் நெடுங்காலமாகப் பயிராகி வருகிறது. இவ்வட்டார மக்கள் நிலக்கடலையை மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பதே மருவி மல்லாட்டை ஆயிற்று. தென் அமெரிக்காவில் தோன்றிய இப்பயிர் கடல் வழியாக வந்தது என்பதை அப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது.

நிலக்கடலையே இயற்கை செய்த ஒரு பெரிய மரபணுச் சேர்க்கையின் விளைவாகும். தென் அமெரிக்காவில் இரண்டு காட்டு இனங்கள் தற்செயலாகக் கலந்து, இரண்டின் குரோமோசோம்களும் முழுமையாக ஒரே செடியில் அமைந்தன. அச்செடியின் வழித்தோன்றலே இன்று உலகெங்கும் பயிராகும் கடலை.

மனிதர் செய்த முதல் தலையீடு தேர்வு செய்தல். நன்றாகக் காய்த்த செடிகளின் காய்களை விதைக்காக எடுத்து வைப்பது அதன் எளிய வடிவம். செஞ்சியிலிருந்து 30 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள திண்டிவனத்தில் அமைந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இதனை முறைப்படி செய்தது. குடியாத்தம் கொத்துக்கடலை எனும் உள்ளூர் வகையிலிருந்து கூட்டுத் தேர்வு முறையில் பிரித்தெடுக்கப்பட்ட டி.எம்.வி. 2 எனும் ரகம் 1940இல் வெளியிடப்பட்டது. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தைக் குறிக்கும் சுருக்கம். குறுகிய காலத்தில் விளையும் இந்த ரகம் தென்னிந்தியாவில் பல பத்தாண்டுகள் பரவலாகப் பயிரிடப்பட்டது. இங்கே ஆய்வாளர் புதிதாக எதனையும் செடிக்குள் வைக்கவில்லை. வயலில் ஏற்கெனவே இருந்தவற்றுள் நல்லதைத் தேர்ந்தார்.

அடுத்த படி சடுதிமாற்றம். மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் கடலை விதைகளை எக்ஸ் கதிர்களுக்கு உட்படுத்தினர். கதிர் பட்ட விதைகளின் டி.என்.ஏ.வில் அங்கங்கே மாற்றங்கள் நேர்ந்தன. அவ்விதைகளிலிருந்து வளர்ந்த செடிகளுள் பயனுள்ளவற்றைப் பொறுக்கி எடுத்து டி.ஜி. எனத் தொடங்கும் பெயர்களில் ரகங்களை வெளியிட்டனர். அவற்றுள் முதலாவது 1973இல் வெளிவந்தது. இம்முறையில் மாற்றத்தைத் தூண்டுவது மனிதர்தாம். ஆனால் எந்த எழுத்து மாறும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. அது கதிரின் போக்குக்கு விடப்படுகிறது.

வெட்டி ஒட்டும் காலம்

1973இல் அமெரிக்காவின் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் பாயர் ஆகியோர் டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் நொதியைப் பயன்படுத்தி, ஓர் உயிரியின் டி.என்.ஏ. துண்டை மற்றொரு டி.என்.ஏ.வுடன் இணைத்து ஈ. கோலை பாக்டீரியாவினுள் செலுத்திக் காட்டினர். மரபணுப் பொறியியல் இவ்வாறு பிறந்தது. இதன் தொடக்கப்புள்ளி, இயற்கையில் ஏற்கெனவே உள்ள ஒரு மரபணு. அதனை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் வைப்பதே செயல்.

இக்காலத்தில் இந்தியர் ஒருவரின் பெயர் உலக அளவில் பேசப்பட்டது. மேற்கு வங்கத்தில் 1938இல் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, கச்சா எண்ணெயின் பல கூறுகளைச் சிதைக்கவல்ல சூடோமோனாஸ் பாக்டீரியா ஒன்றை உருவாக்கினார். எண்ணெயின் வெவ்வேறு கூறுகளைச் சிதைக்கும் திறனுக்கான பிளாஸ்மிட்கள் வெவ்வேறு பாக்டீரியாக்களில் இருந்தன. அவற்றை ஒரே பாக்டீரியாவில் சேர்த்ததே அவர் செய்த பணி. பாக்டீரியாக்கள் தமக்குள் பிளாஸ்மிட்களைப் பரிமாறிக்கொள்ளும் இயற்கை வழியை அவர் பயன்படுத்தினார். டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டவில்லை. ஆகவே இதனைத் தொகுப்பு உயிரியலின் சாதனையாகச் சிலர் குறிப்பிடுவது பொருந்தாது.

ஆனால் அப்பாக்டீரியாவுக்கான காப்புரிமை வழக்கு உலகையே மாற்றியது. 1980 ஜூன் 16 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், மனிதர் உருவாக்கிய உயிருள்ள நுண்ணுயிரிக்கும் காப்புரிமை தரலாம் என 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. உயிரைக் கையாளும் அறிவியலில் உரிமை யாருக்கு எனும் கேள்வி அன்றிலிருந்து உயிரியலோடு ஒட்டிக்கொண்டது.

மரபணுவை எழுதிய கொரானா

தொகுப்பு உயிரியலின் வேர் வேறோர் இந்தியரிடம் இருக்கிறது. ஹர் கோவிந்த் கொரானா 1922இல் பஞ்சாபின் ராய்ப்பூர் எனும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. இங்கிலாந்தின் லிவர்பூலில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் கனடாவிலும் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். மரபுக் குறியீட்டைப் படித்தறிந்ததற்காக 1968இல் மார்ஷல் நைரன்பெர்க், ராபர்ட் ஹாலி ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஹாலி 1965இல் ஈஸ்ட்டின் கடத்து ஆர்.என்.ஏ. மூலக்கூறு ஒன்றின் எழுத்து வரிசையை முழுமையாகப் படித்து முடித்திருந்தார். கொரானா அதனைத் தலைகீழாக அணுகினார். வரிசை தெரியுமாயின், அதற்குரிய மரபணுவை உயிரியின் உதவியின்றி வேதிப்பொருள்களிலிருந்தே எழுதிவிடலாம் அல்லவா?

அவர் குழு கையாண்ட முறை எளிய கொத்தனார் அறிவை ஒத்தது. செங்கல் சுவரில் கீழ்வரிசையின் இணைப்பு மேல்வரிசைச் செங்கலின் நடுவில் விழும்படி கட்டுவர். அவ்வாறே, டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் சிறு சிறு துண்டுகளாக வேதிமுறையில் செய்து, ஓர் இழையின் துண்டு மற்றோர் இழையின் இரு துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும்படி அடுக்கினர். எழுத்துகள் இணை சேரும் இயல்பினால் துண்டுகள் தாமே வரிசையில் அமர்ந்தன. பின்னர் இணைக்கும் நொதியொன்று இடைவெளிகளைப் பூசி மூடியது. இவ்வாறு 77 கார இணைகள் கொண்ட மரபணு 1970இல் உருவானது. உலகின் முதல் செயற்கை மரபணு அதுவே.

ஆனால் அம்மரபணு செயல்படவில்லை. அதனைப் படிக்கத் தொடங்கும் இடத்தையும் நிறுத்தும் இடத்தையும் அணுவுக்குக் காட்டும் குறிகள் அதில் இல்லை. எம்.ஐ.டி.க்கு இடம்பெயர்ந்த கொரானா, ஈ. கோலையின் மற்றொரு கடத்து ஆர்.என்.ஏ. மரபணுவை அக்குறிகளோடு சேர்த்து 207 கார இணைகளில் எழுதினார். 1976இல் அது உயிருள்ள பாக்டீரியாவினுள் செயல்படுவதாக அறிவிக்கப்பட்டது. வேதியியல் மேசையில் எழுதப்பட்ட ஒரு மரபணு, உயிரணுவுக்குள் சென்று இயற்கை மரபணுவைப்போல் வேலை செய்தது.

எழுதிய மரபணு மருந்துக்கும் பயன்படும் என்பது விரைவில் தெரிந்தது. 1978இல் மனித இன்சுலினின் இரு தொடர்களுக்கான மரபணுக்களை வேதிமுறையில் எழுதி ஈ. கோலையில் வைத்து இன்சுலின் பெற்றனர். 1982இல் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது. அதுவரை சர்க்கரை நோயாளிகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினையே நம்பியிருந்தனர்.

பெயரும் துறையும்

தொகுப்பு உயிரியல் எனும் பெயர் துறையைவிடப் பழையது. பிரான்சின் ஸ்டெபான் லெதுக் 1912இல் அப்பெயரிலேயே ஒரு நூலை வெளியிட்டார். உப்புக் கரைசல்களில் செடிகளையும் காளான்களையும் போன்ற உருவங்களை வளர்த்துக் காட்டி, உயிரின் இரகசியத்தை நெருங்கிவிட்டதாக அவர் எண்ணினார். உருவம் ஒத்திருந்தது, உயிர் இல்லை. டி.என்.ஏ. பற்றிய அறிவு இல்லாத காலத்தில் அதற்குமேல் செல்ல வழியும் இல்லை. 1970-களில் போலந்தில் பிறந்த மரபியலாளர் வாக்லாவ் சிபால்ஸ்கி, மரபணுக்களைப் படித்து விளக்கும் காலம் கடந்து, புதிய மரபணு அமைப்புகளை உருவாக்கும் காலம் வரும் என எழுதியபோது அப்பெயருக்கு இன்றைய பொருள் கிடைத்தது.

துறை தனித்து நிற்கத் தொடங்கிய ஆண்டு 2000. அவ்வாண்டு ஜனவரியில் 'நேச்சர்' இதழில் இரு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு, ஒன்றையொன்று அடக்கும் இரு மரபணுக்களைக் கொண்டு பாக்டீரியாவினுள் மின்சுவிட்சு போன்ற அமைப்பைச் செய்தது. ஒருமுறை தூண்டினால் அது ஒரு நிலையில் நிற்கும், மறுமுறை வேறு விதமாகத் தூண்டினால் மறுநிலைக்கு மாறும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் எலோவிட்சு, ஸ்டானிஸ்லாஸ் லைப்லர் ஆகியோர் மூன்று மரபணுக்களை வளையமாக அமைத்து, பாக்டீரியா விட்டு விட்டு ஒளிரும்படி செய்தனர். இரு குழுக்களும் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தன, பின்னர் மரபணுவை அமைத்தன. பொறியாளர் மின்சுற்றை வரைந்து பிறகு கட்டுவதைப்போன்ற இந்த வேலை முறையே இத்துறையின் அடையாளம்.

இதனை மாணவர்களிடம் கொண்டு சென்றது எம்.ஐ.டி.யில் 2003இல் தொடங்கிய ஒரு பயிற்சி வகுப்பு. அது அடுத்த ஆண்டு ஐஜெம் எனும் போட்டியாக வளர்ந்தது. பாகங்களாகச் சேமித்து வைத்த மரபணுத் துண்டுகளைக் கோத்து மாணவர் குழுக்கள் புதிய அமைப்புகளைச் செய்வர். இந்தியாவிலிருந்து பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையக் குழு 2006இலும், சென்னை ஐ.ஐ.டி. குழு 2008இலும் இதில் பங்கேற்றன.

2010 மே மாதம் கிரெய்க் வெண்டரின் நிறுவனம், சுமார் 10 லட்சத்து 80 ஆயிரம் கார இணைகள் கொண்ட பாக்டீரியா மரபணுத்தொகுதி முழுவதையும் எழுதி, மற்றொரு பாக்டீரியாவின் அணுவுக்குள் வைத்து இயங்கச் செய்தது. 'செயற்கை உயிர் பிறந்தது' என நாளிதழ்கள் எழுதின. அது மிகையான கூற்று. எழுதப்பட்டது மரபணுத்தொகுதி மட்டுமே. அதற்கு இடம் தந்த அணுவின் சவ்வும் உள்ளிருந்த நொதிகளும் இயற்கையானவை. எழுத்து வரிசையும் பெரும்பாலும் இயற்கை பாக்டீரியாவின் பிரதியே. 2016இல் அதே குழு 473 மரபணுக்கள் மட்டும் கொண்ட பாக்டீரியாவை உருவாக்கியது. அவற்றுள் 149 மரபணுக்கள் என்ன செய்கின்றன என்பதை அதனை எழுதியவர்களாலேயே அப்போது சொல்ல இயலவில்லை. எழுதத் தெரிவது வேறு, எழுதியதன் பொருள் முழுவதும் தெரிவது வேறு.

வேறுபாடுகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து வேறுபாடுகளைத் தொகுத்துக் கொள்ளலாம்.

தேர்வு செய்தல்: வயலில் உள்ளவற்றுள் ஒன்றைத் தேர்வது. டி.எம்.வி. 2 இதற்குச் சான்று.

சடுதிமாற்றம்: மாற்றத்தைக் குறியின்றித் தூண்டி, விளைந்தவற்றுள் தேர்வது. டிராம்பே கடலை ரகங்கள் இதற்குச் சான்று.

மரபணுப் பொறியியல்: இயற்கையில் உள்ள மரபணுவை ஓர் உயிரியிலிருந்து மற்றோர் உயிரிக்கு மாற்றுவது. 2002இல் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தி இதற்குச் சான்று.

மரபணுத் திருத்தம்: உயிரியில் ஏற்கெனவே உள்ள மரபணுவில் குறித்த இடத்தில் சில எழுத்துகளை மட்டும் மாற்றுவது. அச்சுப்பிழை திருத்துவதைப் போன்றது.

அமைப்புசார் உயிரியல்: அணுவின் பாகங்கள் ஒன்றோடொன்று எவ்வாறு இயங்குகின்றன என்பதை அளந்து, கணக்கிட்டு அறிவது. இதன் நோக்கம் புரிந்துகொள்வது. தொகுப்பு உயிரியலின் நோக்கம் கட்டுவது. இரண்டும் ஒரே கணிதத்தைப் பயன்படுத்துவதால் குழப்பம் நேர்கிறது.

தொகுப்பு உயிரியல்: என்ன வேலை நடக்கவேண்டும் என்பதிலிருந்து தொடங்கி, அதற்குரிய மரபணுக்களை வடிவமைத்து எழுதுவது.

இவ்வெல்லைகள் வரப்புகளைப்போல் தெளிவானவை அல்ல. பி.டி. பருத்தியில் உள்ள மரபணுகூட பாக்டீரியாவிலிருந்து அப்படியே எடுத்து வைக்கப்பட்டதன்று. செடியின் அணு எளிதில் படிக்கும்படி எழுத்துகள் மாற்றி அமைக்கப்பட்டது. மரபணுப் பொறியியலின் பயிர் என நாம் வகைப்படுத்துவதற்குள்ளேயே எழுதும் வேலை நுழைந்துவிட்டது. ஆயினும் தொடக்கப்புள்ளியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது விளங்கும்.

வேறுபாடு ஏன் முக்கியம்

சட்டம் இவ்வேறுபாடுகளின் மீதுதான் நிற்கிறது. மரபணு மாற்றப்பட்ட உயிரிகளுக்கு 1989ஆம் ஆண்டு விதிகளின்படி ஒப்புதல் பெறவேண்டும். 2022 மார்ச்சில் மத்திய அரசு, வேற்று உயிரியின் மரபணு இல்லாத சிலவகைத் திருத்தப்பட்ட பயிர்களுக்கு அவ்விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே மாதம் அவ்வழியில் இரு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான கமலா, விவசாயிகள் பி.பி.டி. என அழைக்கும் சம்பா மசூரியைத் திருத்திப் பெற்றது. ஒரு பயிர் திருத்தமா, மாற்றமா, தொகுப்பா என்பது வகுப்பறைக் கேள்வி மட்டுமன்று. அது வயலுக்கு எந்த வழியாக வரும் என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி.

வாழ்வாதாரமும் இதில் அடங்கியுள்ளது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் மருந்து ஒருவகை மாசிப்பத்திரிச் செடியிலிருந்து கிடைக்கிறது. அமெரிக்காவின் ஜே கீஸ்லிங் குழு 2006இல் அதன் முன்பொருளை ஈஸ்ட்டில் உற்பத்தி செய்தது. 2013இல் பெரிய மருந்து நிறுவனம் ஒன்று தொழில் முறையில் தயாரிக்கத் தொடங்கியது. செடியை வளர்க்கும் சிறு விவசாயிகளின் கதி என்னவாகும் எனும் அச்சம் எழுந்தது. ஆனால் செடியிலிருந்து எடுக்கும் மருந்தின் விலை வீழ்ந்ததால் ஈஸ்ட் மருந்தால் அப்போது சந்தையில் நிலைக்க இயலவில்லை. அம்முறை வயல் வென்றது. ஒவ்வொரு முறையும் அவ்வாறே நிகழும் என்பதற்கு உறுதி இல்லை.

எல்லாவற்றையும்விட ஆழமான கேள்வி உரிமை பற்றியது. நிலக்கடலை தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஆகவே வல்லத்து விவசாயி தன் விளைச்சலில் ஒரு பகுதியை விதைக்கு எடுத்து வைக்க முடிகிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பதிவு பெற்ற ரகமாயினும் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பகிரவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் அவருக்கு உரிமை தருகிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் உயிர்வளத்தைப் பயன்படுத்தி இலாபம் பெறுவோர் அதில் ஒரு பங்கை அவ்வளத்தைக் காத்தவர்களுக்குத் தரவேண்டும் என்கிறது. அதனைச் செயல்படுத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் உள்ளது. ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, தன் பகுதியின் உயிர்வளங்களைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் விதி.

இச்சட்டங்கள் எழுதப்பட்டபோது உயிர்வளம் என்பது கையில் எடுக்கக்கூடிய பொருளாக இருந்தது. விதை, வேர், மண், நுண்ணுயிர். அதனை வேண்டுவோர் அது இருக்கும் இடத்துக்கு வரவேண்டும், அல்லது யாரேனும் அனுப்பவேண்டும். மரபணுவை எழுத முடியும் என்ற நிலை வந்தபின் பொருள் தேவையில்லை, எழுத்து வரிசை போதும். 2020 ஜனவரியில் கொரோனா வைரசின் வரிசை இணையத்தில் வெளியான சில நாள்களிலேயே, வைரசைக் கையில் பெறாமலே தடுப்பூசி வடிவமைக்கப்பட்டது. உலகுக்கு அது பெரும் நன்மை. அதே வழியில், நிலக்கடலையின் காட்டு மூதாதையர் வரிசை 2016இலும் பயிர்க்கடலையின் வரிசை 2019இலும் படிக்கப்பட்டுத் தரவுத்தளங்களில் கிடைக்கின்றன. இனி ஒருவர் கடலையின் பயனுள்ள மரபணு ஒன்றை எழுத விரும்பினால், ஒரு காயைக்கூட வாங்க வேண்டியதில்லை.

இந்த இடைவெளியை உலக நாடுகள் உணர்ந்துள்ளன. எண்மவடிவ மரபணு வரிசைகளைப் பயன்படுத்திப் பெறும் இலாபத்தைப் பகிர வேண்டும் என்று 2022இல் மாண்ட்ரியல் நகரில் கூடிய பல்லுயிர் மாநாடு ஏற்றுக்கொண்டது. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய மாநாடு அதற்கென ஒரு நிதியத்தை அமைக்க முடிவு செய்தது. அதில் நிறுவனங்கள் பணம் செலுத்துவது கட்டாயமன்று, விருப்பத்தைப் பொறுத்தது.

முடிவாக

தேர்வு செய்தல் வயலிலிருந்து தொடங்குகிறது. மரபணுப் பொறியியல் வேறோர் உயிரியிலிருந்து தொடங்குகிறது. தொகுப்பு உயிரியல் ஒரு எழுத்து வரிசையிலிருந்தும் ஒரு நோக்கத்திலிருந்தும் தொடங்குகிறது. கொரானா 77 கார இணைகளை எழுதியது இந்த மாற்றத்தின் முதல் அடி. அம்மாற்றம் இன்சுலினைத் தந்தது, தடுப்பூசியை விரைவாக்கியது. அதே மாற்றம்தான் விதையை வைத்திருப்பவருக்கும் விதையின் பயனைப் பெறுபவருக்கும் இடையே இருந்த கண்ணியை அறுக்கவும் வல்லது. எனவே புதிய பயிரோ மருந்தோ பற்றிய செய்தியைப் படிக்கும் மாணவர், இது எந்தத் துறையைச் சேர்ந்தது எனக் கேட்பதோடு நில்லாமல், இதன் வேலை எங்கிருந்து தொடங்கியது, அங்கிருந்தவர்களுக்கு இதில் என்ன பங்கு எனவும் கேட்டறிவது நல்லது.